அம்புக்குறி இல்லாத நூற்றுப் பன்னிரண்டு பலகைகள்

பெரியவர் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு உட்காரும்போது சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அவர் முகம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும் அப்படித்தான். கம்ப்யூட்டரின் கேமராவுக்கு மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைத்திருந்தார். "என் முகம் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக்குள்ள உட்கார்ந்து காட்சி தர்றதுக்கு நான் என்ன துணிக்கடை பொம்மையா?" என்பது அவர் வாதம். மற்றவர்கள் மட்டும் முகத்தைக் காட்டியாக வேண்டும். முகம் காட்டாமல் பேசுகிறவனை நம்பக் கூடாது என்பதும் அவருடைய வாதம்தான். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நிறுவனம் அவருடைய அப்பா தொடங்கியது. பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டிப் பலகை செய்வது தொழில். எந்தப் படி எந்த மாடிக்கு, எந்தப் பக்கம் திரும்பினால் என்ன இருக்கும் என்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சுவரில் நின்று சொல்கிற பலகைகள். ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். இப்போது வரைவது ஓர் ஊரில், வெட்டுவது ஓர் ஊரில், மாட்டுவது கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்த ஊரில். வரைகிற பிரிவுக்குத் தலைவி அவருடைய மருமகள். மகனோடு வேறு ஊரில் இருந்தபடி, கூடத்து மேசையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு நாலு பேரை வேலை வாங்குகிறவள். பட்டறைக்கு மேஸ்திரி. மாட்டுகிற வேலைக்கு ஏணி. அது பட்டப்பெயர். ஆள் ஆறடிக்கு மேல். ஏணி இல்லாமலே பாதிப் பலகைகளை மாட்டிவிடுவான். மற்றவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெரியவரின் திரையில் கூடுவார்கள்.

கூட்டத்துக்கு விதி உண்டு. கூப்பிட்டால்தான் பேச வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. பெரியவர் முடிவு சொன்னபின் அந்த விஷயத்தில் மறுபேச்சு கிடையாது. இதனால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'முற்றுப்புள்ளி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மருமகள் ஒருமுறை, "மாமா, ரூமுக்குள்ள யாராவது வந்தா இந்த மைக் படத்தை ஒரு தட்டு தட்டிடுங்க. உங்க குரல் எங்களுக்குக் கேட்காது" என்று சொல்லிக்கொடுக்க வந்தாள். "எனக்குத் தெரியும்மா" என்று பாதியிலேயே வெட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பீக்கரின் திருகு ஒன்றுதான். யாராவது உள்ளே வந்தால் அதைத் திருகிச் சத்தத்தை அடியோடு குறைப்பார். அவர்கள் குரல் தனக்குக் கேட்காவிட்டால் தன் குரலும் அவர்களுக்குக் கேட்காது என்று நம்பினார். கதவை இந்தப் பக்கம் சாத்தினால் அந்தப் பக்கமும் சாத்தினதுதானே.

கூட்டம் முடிந்ததும் மருமகள் என்னென்ன முடிவானது என்று குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்புவாள். பெரியவர் அதைத் திறந்ததே இல்லை. "நான் இருந்த கூட்டத்துல நடந்ததை நானே எதுக்குப் படிக்கணும்?"

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. நாலு மாடி, நூற்றுப் பன்னிரண்டு பலகைகள். திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாம் மாட்டி முடிந்தது. திறந்த அன்று காலையிலேயே ஆஸ்பத்திரி மேலாளரிடமிருந்து போன்.

"ஐயா, உங்க பலகையெல்லாம் பார்க்க அழகா இருக்கு. ஆனா ஒண்ணுலயும் அம்புக்குறி இல்லையே. எக்ஸ்ரேன்னு எழுதியிருக்கு. எந்தப் பக்கம்னு எழுதலையே. முட்டி வலிக்கு வந்த வயசானவர் ஒருத்தர் மூணாவது மாடியில பிரசவ வார்டு வாசல்ல முக்கால் மணி நேரமா வரிசையில நிக்கறார். கழிப்பறைன்னு பலகை இருக்கற இடத்துல வெறும் சுவர்தான் இருக்கு. சுவரைப் பார்த்துக்கிட்டு நாலு பேர் தவிச்சுக்கிட்டிருக்காங்க."

பட்டறை தனியாக அம்புக்குறிகளை வெட்டி அனுப்ப, ஏணி மூன்று நாள் ஒவ்வொன்றாக ஒட்டினான். ஒட்டும்போதே வருகிறவர்கள் வழி கேட்டார்கள். "மூணு நாளா நான்தான் அம்புக்குறி" என்று பட்டறையில் சொல்லிச் சிரித்தானாம். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா காலத்திலிருந்து ஒரு பலகை தப்பாகப் போனதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெரியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அம்புக்குறியை யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "வரைபடத்துல இல்லைங்க ஐயா. இல்லாததை நான் எப்படி வெட்டறது?"

"வரைபடம் யாரோடது?"

"என்னோடதுதான் மாமா" என்றாள் மருமகள். "ஆனா நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"நானா?"

"ஆமா மாமா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தரையில கலர் கோடு போடறோம், அம்புக்குறி வேண்டாம்னு ஆஸ்பத்திரியில முதல்ல சொன்னாங்களே, அப்போ. அப்புறம் அவங்க கோடும் போடலை. நீங்க சொன்னது குறிப்புல நாலாவது வரியில இருக்கு."

"குறிப்பு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? தானே எழுதி, தானே சாட்சி சொன்னா ஆச்சா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர் விடவில்லை. அம்புக்குறி என்ற பேச்சையே தான் அந்தக் கூட்டத்தில் கேட்டதில்லை என்பது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனிபோலத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவர் எதற்கு யோசிக்க வேண்டும்?

"எங்க குடும்பத்துல சொன்ன சொல்லை இல்லைன்னு சொன்னவங்க கிடையாது. நான் சொல்லலை. தப்பு பண்ணினா ஒத்துக்கற குணம் வேணும்மா. அது படிப்புல வராது. வளர்த்த விதத்துல வரணும்."

திரையில் பதினோரு சதுரங்கள். ஒரு சதுரமும் அசையவில்லை. மேஸ்திரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி மூக்கைத் தேய்த்துக்கொண்டான். யாரும் மறுக்காததைப் பார்த்துப் பெரியவர் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

"சரிங்க மாமா" என்றாள் மருமகள்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கடிதம் போயிற்று. தவறு என்னுடையது என்று அவள் பெயரில், அவள் கையெழுத்தில். இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா போன் செய்தார். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து பொட்டலம் நிறுத்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். பேரன் பேத்தி விசேஷம் தவிர மற்றதுக்குக் கூப்பிடாதவர்.

"சம்பந்தி, பொண்ணு வேலையில ஏதோ தப்பு பண்ணிட்டான்னு கேள்விப்பட்டேன். அவ சொல்லலை. மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டார். என் வளர்ப்புல குறை இருந்தா அது என் குறைதான். நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது."

"பரவாயில்லை சம்பந்தி" என்றார் பெரியவர், பெருந்தன்மையாக. "சின்னவங்கதானே. போகப்போகத் திருந்திடுவாங்க."

போனை வைத்தபோது தான் பெரிய மனுஷனாக நடந்துகொண்டோம் என்ற நிறைவு அவருக்கு இருந்தது. அந்த நிறைவோடு, வரைகிற பிரிவை மேஸ்திரியின் பொறுப்பில் விடுவது என்று முடிவும் செய்தார். ஒரு மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில்தான் இப்படிப்பட்ட மாற்றங்களை அறிவிப்பது வழக்கம். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்தினத்துக்கு முன்தினம், சனிக்கிழமை காலையில், பிளம்பர் வந்தார். வீட்டில் பெரியவருடைய அலுவலக அறை மூலையில் ஒரு வாஷ் பேசின் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் புதுக் குழாய் போட்டது, இப்போது சொட்டுகிறது.

பிளம்பர் பேசினுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டே பேசினார். பேசாமல் வேலை செய்யத் தெரியாத ஆள்.

"இன்னைக்கு மீட்டிங் இல்லையா ஐயா?"

"சனிக்கிழமை ஏது மீட்டிங்?"

"அன்னைக்கு இருந்ததே. நான் பழைய குழாயை எடுக்க வந்த அன்னைக்கு. மேல்மாடிக் குழாய் நல்லாத்தான் இருந்தது. அதை விட்டிருக்கலாம். நான்தான் ரெண்டாவது தடவை கேட்டேனே, மாடியில இருக்கறதையுமான்னு. எல்லாத்தையும்தான், ஒரு தடவை சொன்னா புரியாதான்னு கோவிச்சுக்கிட்டீங்க."

"நான் எப்ப உன்னைக் கோவிச்சுக்கிட்டேன்?"

"கோவம்னு இல்லை, ஒரு அதட்டல். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்." பிளம்பர் ஸ்பேனரைத் திருகினார். "ஆனா ஒண்ணு ஐயா. உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணு சத்தமே இல்லாம வாயை வாயை அசைச்சுக்கிட்டிருந்துது. ஊமைப் படமாட்டம். நீங்க என்கிட்ட எடுத்துடுன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டு எழுதிக்கிச்சு. வீட்டுக் குழாயைப் பத்திச் சொன்னதைக்கூட எழுதி வச்சுக்கறாங்களேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"எழுதிக்கிட்டாளா?"

"ஆமாங்க. நீலச் சட்டை போட்டிருந்துது."

பிளம்பர் போனபின் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒவ்வொரு கூட்டமும் தானாகவே பதிவாகும் என்றும் அறுபது நாள் இருக்கும் என்றும் மருமகள் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் மனம் வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, தேவையில்லாத எதையெதையோ திறந்து மூடி, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்தத் தேதியைக் கண்டுபிடித்தார்.

மருமகளின் குரல் தெளிவாக வந்தது. "மாமா, தரையில கோடு போடறதால அம்புக்குறி தேவையில்லைன்னு அவங்க இன்ஜினியர் சொல்றார். எனக்கு அதுல சம்மதம் இல்லை. நாளைக்கு கோடு அழிஞ்சு போனா ஜனங்க எங்க போவாங்க? நீங்க சொல்லுங்க. எடுத்துடலாமா, இருக்கட்டுமா?"

தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல். என்னவென்று புரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி கேட்டால் மட்டும் குழாய் என்ற ஒரு சொல் பிடிபடும். அதற்குப் பிறகு பெரியவரின் குரல், அறை அதிர.

"எடுத்துடு. சும்மா எதுக்கு அது?"

"எல்லாத்துலயுமா மாமா? அவசரப் பிரிவுலயும்?"

மறுபடியும் கிணற்றுக் குரல்.

"எல்லாத்தையும்தான். ஒரு தடவை சொன்னா புரியாதா?"

திரையில் மருமகளின் முகம் சின்னதாகச் சுருங்கியது. அவளை அவர் ஒருநாளும் 'ம்மா' போடாமல் பேசியதில்லை. அதட்டியதும் இல்லை. அந்த அதட்டலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஒரு நொடி திரையில் அவருடைய சதுரத்தையே பார்த்தாள். அங்கே இருந்தது அவர் ஒட்டிய காகிதத் துண்டின் இருட்டு மட்டும். பிறகு தலையாட்டினாள். குனிந்து எழுதினாள். மற்றப் பத்துப் பேரும் சும்மா இருந்தார்கள். விதி அப்படி.

பெரியவர் மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் முறை ஓடும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. அந்தப் பத்துப் பேரும் இதைக் காதால் கேட்டவர்கள். எடுத்துடு என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் முன்னாலேயே, நான் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை இல்லையென்று சொன்னவர் கிடையாது என்று அவர் மார் தட்டியிருக்கிறார். நியாயம் தன் பக்கம் என்று அவர் நினைத்த அந்த மௌனத்தில், பத்துப் பேரும் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நினைத்துக்கொண்டே, 'சரிங்க ஐயா, வரோங்க ஐயா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேல் பொத்தானைக் கழற்றினார்.

திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, இந்தப் பதிவு ஆறு நாளில் நீங்கும். இன்னொன்று, உங்களைத் தவிர இதுவரை பார்த்தவர் ஒருவர். அதைத் தொட்டால் மருமகளின் சின்னப் படம் வந்தது, தேதியோடு. அவர் அவளை எல்லார் முன்னாலும் பேசிய அதே நாள், மாலை நாலு மணி. மன்னிப்புக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டது ஐந்து மணிக்கு.

ஆக அவளுக்குத் தெரியும். பிளம்பர் குரல்வரைக்கும் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தன் அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை.

கதவு திறந்தது. வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி உள்ளே வந்து, மடித்த துண்டை பேசின் கம்பியில் மாட்டினாள்.

"மூணு தடவை கேட்டாச்சு. நாலாவது தடவை கேட்டா மாறிடுமா?"

"உனக்கென்ன தெரியும்?"

"எடுத்துடு எடுத்துடுன்னு வீடு பூரா கேட்குது. நாலு சுவருக்குள்ள பேசறவர் நாலு ஊருக்குக் கேட்கப் பேசியிருக்கீங்க. அப்புறம் என்ன, பாவம், அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டீங்க."

"வெள்ளிக்கிழமை இது தானா அழிஞ்சிடும்" என்றார் பெரியவர். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகுதான் அந்த யோசனை தனக்குள் எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

மனைவி துண்டின் நுனியைச் சரிசெய்தாள். "அழியட்டுமே. பொய் சொன்னவர்ங்கற பேர் மட்டும் அழியாம இருக்கும். முட்டாள்ங்கற பேர் அதைவிட மோசமா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவர் யாருடனும் பேசவில்லை. பொய்யனா முட்டாளா என்ற இரண்டே இரண்டு கதவுகள்தான் இருந்தன. எந்தக் கதவுக்கும் மேலே அம்புக்குறி இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெரியவர் காகிதத் துண்டை உரித்தார். பசை பிசுபிசுத்தது, சட்டை நுனியால் துடைத்தார். திரையில் பன்னிரண்டாவது சதுரம் திறந்தது. அதில் ஒரு மின்விசிறியும் அரை நெற்றியும் தெரிந்தன.

ஏணிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஐயா, நெத்தி மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் கீழ இறக்குங்க."

"எதை? தலையையா?"

"திரையைங்க."

சரிசெய்தார். தன் முகம் தனக்கே தெரிந்தது. நினைத்ததைவிடக் கிழடாக இருந்தது. "மேஸ்திரிக்கு ஒரு பொறுப்பு தர்றதா இருந்தேன். அது இல்லை. அதுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு கேட்கணும்" என்றார்.

பதிவைத் திரையில் காட்டும் வித்தை அவருக்குத் தெரியாது. மனைவி தன் போனில் அதைத் திறந்து வைத்திருந்தாள். அவள் போனை கம்ப்யூட்டரின் மைக்குக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். எடுத்துடு என்றது போன். எல்லாத்தையும்தான் என்றது. பதினோரு பேரும் மறுபடி அதைக் கேட்டார்கள்.

"இதை நான் சொன்னேன்" என்றார் பெரியவர். "சொல்லலைன்னு உங்க முன்னாலதான் சாதிச்சேன். அன்னைக்கு இந்த மூலையில பிளம்பர் நின்னார். பழைய குழாயை எடுக்கட்டுமான்னு கேட்டார். அவருக்குச் சொன்ன பதில் இது. சத்தத்தைக் குறைச்சா நான் பேசறது உங்களுக்குக் கேட்காதுன்னு நினைச்சேன். மைக் எப்படின்னு சொல்லிக்கொடுக்க வந்தா, எனக்குத் தெரியும்னு சொன்னேன். எனக்குத் தெரியாது."

ஏணி சிரித்துவிட்டான். சட்டென்று கையால் வாயைப் பொத்தி இருமலாக மாற்றப் பார்த்தான்.

"சிரிக்கலாம்ப்பா. வாஷ் பேசினுக்குச் சொன்னதை ஆஸ்பத்திரிக்குச் செஞ்சிருக்கோம். சிரிக்க வேண்டியதுதான்." அவர் சிரிக்கவில்லை. "உங்கள்ல யாருக்கும் அன்னைக்கே ஒரு சந்தேகம் வரலையா?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "வந்துதுங்க. அம்புக்குறி இல்லாம என்ன பலகைன்னு நினைச்சேன். ஆனா நீங்க சொல்லிட்டீங்களே. சொன்ன பிறகு எப்படிங்க..."

பெரியவர் மருமகளைப் பார்த்தார். இன்றும் நீலச் சட்டைதான். "நீ அன்னைக்கு சாயங்காலமே இதைக் கேட்டிருக்கே. பிளம்பர் குரலும் உனக்குப் புரிஞ்சிருக்கும். ஏம்மா சொல்லலை?"

"பெரியவர் பேசின பிறகு மறுபேச்சு பேசக் கூடாதுன்னு விதி மாமா."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு பலகையின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

"அந்த விதி இனிமே இல்லை" என்றார். "கூட்டத்தை எப்படி நடத்தணும்னு நீ சொல்லு."

அவள் பேனாவை எடுத்தாள். "ஒண்ணு மட்டும் போதும் மாமா. யார் முடிவு சொன்னாலும் சரி, இன்னொருத்தர் அதை முழு வாக்கியமாத் திருப்பிச் சொல்லணும். இந்தப் பலகையில இதை எடுக்கச் சொல்றீங்கன்னு. சொன்னவர் ஆமான்னு சொன்னாத்தான் நான் எழுதுவேன். சும்மா சரின்னா, காதுல விழுந்துதுன்னு மட்டும்தான் அர்த்தம். சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன்."

"நல்லது. அப்படியே வச்சுக்கலாம்." பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இதற்காகத்தான் காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே என் பேர்ல கடிதம் போகும். தப்பு வரைகிற பிரிவோடது இல்லை, என்னோடதுன்னு. வரைகிற பிரிவு உன்கிட்டயேதான் இருக்கும். நான் தெரியாம உன் மேல பழி போட்டேன். எல்லார் முன்னாலயும் போட்டதால எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அறுபத்தொன்பது வயதில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும், கனமானதை இறக்கி வைத்த மாதிரி தோள் லேசானது.

"சரிங்க மாமா" என்றாள் மருமகள்.

கூட்டம் முடிந்தது என்று அவர் நினைத்தார். மேஸ்திரி மெதுவாக, "திருப்பிச் சொல்லணுமேங்க" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

யாரும் முன்வரவில்லை. அப்படிப்பட்டதை யார் திருப்பிச் சொல்வார்கள்? கடைசியில் மருமகளே சொன்னாள். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தபடி, குரல் ஏறாமல் இறங்காமல்.

"மாமா தெரியாம ஒரு பழி போட்டார். அந்தப் பழிக்கு மன்னிப்பு கேட்டார்." நிறுத்தினாள். "வளர்த்த விதம்னு சொன்னது தெரியாம சொன்னது இல்லை. தெரிஞ்சு சொன்னது. அதுக்கு இன்னும் கேட்கலை. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா மாமா?"

ஒரு சதுரமும் அசையவில்லை. இந்தத் தடவை அந்த மௌனத்தின் பொருள் பெரியவருக்குத் தெரிந்தது. முகம் மறைக்கக் காகிதமும் இல்லை. அத்தனை வார்த்தைகளை அடுக்கி வைத்தபோது இந்த ஒன்றை மட்டும் தான் ஒதுக்கி வைத்ததும் அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்ததற்குத் தலை குனியலாம். பார்த்தவர்கள் அதைப் பெருந்தன்மை என்றுகூடச் சொல்வார்கள். தெரிந்து சொன்னதற்கு என்ன சொல்வார்கள்?

"ஆமா" என்றார். "அதுக்கு நான் கேட்கலை. அதை உன்கிட்ட கேட்கறதுக்கு முன்னால கேட்க வேண்டிய ஆள் வேற ஒருத்தர் இருக்கார்."

அவள் எழுதிக்கொண்டாள்.

திரை அணைந்தது. மனைவி போனை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வெளியே போனாள். பெரியவர் உட்கார்ந்தபடி எண்ணைத் தேடினார். மணி அடித்தபோது எழுந்து நின்றார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றது எதிர்ப்பக்கம். "எல்லாரும் சௌக்கியம்தானே?"

"சௌக்கியம். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்." பிளம்பரிலிருந்து தொடங்கினார். எதையும் விடவில்லை. இடையிடையே எதிர்ப்பக்கம் "சரிங்க", "சரிங்க" என்றது, இத்தனை காலமாகத் தான் எல்லாரிடமும் கேட்டுப் பழகிய அதே சரி. கடைசியாகப் பெரியவர் அதற்கு வந்தார். "எல்லார் முன்னாலயும் வளர்ப்பைப் பத்திப் பேசினேன். நீங்க போன் பண்ணினப்போ பரவாயில்லைன்னு வேற சொன்னேன். நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது இல்லை. நீங்க வளர்த்ததுல ஒரு குறையும் இல்லை சம்பந்தி. என்னை மன்னிக்கணும்."

"சரிங்க சம்பந்தி. சரிங்க. விடுங்க, அதெல்லாம் எதுக்கு?"

விட்டிருக்கலாம். அந்த மனிதர் அவ்வளவுதான் எதிர்பார்த்தார். பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"என்னங்க?"

"நான் சொன்னது உங்ககிட்ட சரியா வந்து சேர்ந்துதான்னு எனக்குத் தெரியணும். நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அந்தத் தபால் நிலையக்காரர், தராசில் ஒன்றை வைத்து முள் நிற்கும்வரை காத்திருந்தவர்போல, மெல்லச் சொன்னார்.

"என் பொண்ணை நான் நல்லாத்தான் வளர்த்திருக்கேன்னு சொன்னீங்க."

"ஆமா" என்றார் பெரியவர்.